ஒரு பக்கம் அச்சான தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி போடுவது எப்படி? இருபக்க அச்சுடன் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே பேலன்ஸ் ஷீட்டை ஆறு தடவை, ஏழு தடவை எடுப்போம். கடைசிப் பிரதி மட்டும் கையெழுத்துக்குப் போகும். மற்றதெல்லாம் ஒரு பக்கம் வெள்ளையாகவே மேஜைக்கு அடியில் குவியும்.

அந்தக் குவியலைப் பார்த்து எல்லா அலுவலகத்திலும் இரண்டு பேச்சு எழும். "பின்பக்கம் சும்மாதானே இருக்கு, அதிலேயே எடுங்க" என்பார் மூத்தவர். "அதைப் போட்டீங்கன்னா மெஷின் போயிடும்" என்பார் சர்வீஸ்காரர். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று பேப்பர் வாங்கியவன், உள்ளே சிக்கிய தாளை, அதாவது ஜாமை எடுத்தவன், ரிப்பேர் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பின்பக்கம் அச்சிடுவதால் பிரிண்டர் கெடுவதில்லை. முதல் அச்சுக்கும் இரண்டாம் அச்சுக்கும் நடுவில் அந்தத் தாளுக்கு நாம் என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின் குத்தினோமா, மடித்தோமா, மழைக்காலத்தில் திறந்து போட்டோமா என்பதுதான் கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது

லேசர் பிரிண்டரில் மை கிடையாது. டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் பொடி. டிரம் என்ற உருளையில் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும் பொடி தாளுக்கு மாறும். அப்புறம் தாள் ஃபியூசர் என்ற பகுதிக்குள் போகும். அங்கே ஒரு பக்கம் சூடான ஃபிலிமோ உருளையோ இருக்கும், மறுபக்கம் அழுத்தும் ரப்பர் உருளை இருக்கும். சூடு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி. பொடி உருகித் தாளின் இழைகளில் பிடித்துக்கொள்ளும்.

இப்போது தானாக இருபக்கம் அச்சிடும் பிரிண்டரை நினைத்துப் பாருங்கள். முதல் பக்கம் அச்சாகி, ஃபியூசரைத் தாண்டி, தாள் வெளியே முக்கால்வாசி எட்டிப் பார்க்கும். உருளைகள் எதிர்ப்பக்கம் சுழன்று அதன் வாலைப் பிடித்து உள்ளே இழுக்கும். தாள் புரண்டு, மறுபடி டிரம், மறுபடி ஃபியூசர். அதாவது ஏற்கெனவே அச்சான பக்கம் இரண்டாவது தடவையும் அதே சூட்டில் போகிறது. அதற்காகவே செய்யப்பட்ட மெஷின் அது. லேசரில் எடுத்த தாளின் பின்பக்கத்தில் எடுப்பதும் அடிப்படையில் இதேதான்.

ஆனால் தானாகத் திரும்பும் தாளுக்கு நடுவில் எதுவும் நடக்கவில்லை. சூடு ஆறவில்லை, ஈரம் ஏறவில்லை, பின் குத்தப்படவில்லை. மேஜைக்கடியில் இருக்கும் தாளுக்கு இவை எல்லாமே நடந்திருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் "முன்பே அச்சிட்ட தாளைப் பயன்படுத்தாதீர்கள்" என்று இருக்கும். வாரண்டியில் உள்ள புது மெஷினிலும், வாடகைக்கு எடுத்த மெஷினிலும் இதைச் செய்யும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பின்பக்க அச்சுக்கு வாரண்டி முடிந்த பழைய கறுப்பு வெள்ளை பிரிண்டர் ஒன்றை ஒதுக்குவதுதான் நல்லது.

முதலில் இருபக்க அச்சு

பின்பக்கத்தைப் பற்றிப் பேசும் முன், பின்பக்கம் வெள்ளையாக மிஞ்சாமல் பார்ப்பது முக்கியம். பெரிய மிச்சம் அங்கேதான் இருக்கிறது, தொல்லையும் குறைவு.

உங்கள் பிரிண்டரில் தானியங்கி இருபக்க வசதி உண்டா என்று மாடல் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும். எண்ணுக்குப் பின்னால் 'டி' எழுத்து இருந்தால் டூப்ளெக்ஸ், அதாவது தானியங்கி இருபக்கம். 'டிஎன்' என்றால் டூப்ளெக்ஸோடு நெட்வொர்க். 'டிடபிள்யூ' என்றால் வைஃபையும் சேர்த்து. பெயரில் தெரியாவிட்டால் விண்டோஸில் பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் திறந்து 'பிரிண்ட் ஆன் போத் சைட்ஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரில் வசதி இருந்தும் அந்த வரி மங்கலாக இருந்தால், சாதனத்தின் பண்புகளில் டூப்ளெக்ஸ் யூனிட் 'நாட் இன்ஸ்டால்டு' என்று கிடக்கும். அதை மாற்றினால் போதும்.

வசதி இருந்தால் அதையே இயல்பு நிலையாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். நான் சுற்றறிக்கை ஒட்டிப் பார்த்தேன், இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. எல்லாக் கணினியிலும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இயல்பு நிலையை மாற்றிய பிறகுதான் பேப்பர் குறைந்தது.

திருப்பும் முறை இரண்டு. நீள ஓரத்தில் திருப்புவது புத்தகம் போல. கடிதம், அறிக்கை எல்லாம் இதில்தான். குட்டை ஓரத்தில் திருப்புவது சுவர்க் காலண்டர் போல. அகலவாக்கில் எடுக்கும் எக்செல் பட்டியலை மேலே பின் போடுவதாக இருந்தால் இது. பின்பக்கம் தலைகீழாக வந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம், இந்த இரண்டில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

ஓர அளவையும் கவனியுங்கள். இடது பக்கம் மட்டும் அகலமாக விட்டு இருபக்கம் எடுத்தால், பின்பக்க எழுத்து பஞ்ச் ஓட்டைக்குள் போய்விடும். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாளில் இருபக்கமும் அச்சிடச் சொன்னபோது, 75 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) குறையாத தாள், இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம் என்று சேர்த்தே சொன்னது. அந்த இரண்டும் இருபக்க அச்சின் அடிப்படை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டும் இடம் காலியாக இருக்கும், பின்பக்க எழுத்து முன்னால் தெரியாது. 70 ஜிஎஸ்எம் தாள் விலை குறைவு என்று வாங்கி இருபக்கம் எடுத்தால் படிப்பவர் கண்ணுக்குத்தான் வேலை. 75 வாங்குங்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டிஎன்பிஎல்லின் 75 ஜிஎஸ்எம் தாளில் நாங்கள் வருடக்கணக்கில் இருபக்கம் எடுத்திருக்கிறோம், குறை இல்லை.

கணக்கையும் நேராகப் பார்த்துவிடுவோம். 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம். 500 தாள் உள்ள ஒரு ரீம் 2.34 கிலோ. நான்கு பக்க அறிக்கைக்கு நான்கு தாள் இரண்டாகிறது. ஐந்து பக்கத்துக்கு மூன்று வேண்டும். ஒரு பக்கக் கடிதத்துக்கு மிச்சமே இல்லை. ஆகவே இருபக்கம் போட்டால் பேப்பர் செலவு சரிபாதி என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். டோனர் இதில் துளியும் மிச்சமாகாது. டோனரும் குறைய வேண்டுமென்றால் சரிபார்க்கும் பிரதிகளை டோனர் சேவ் நிலையில் எடுங்கள். ஒரு முகத்தில் இரண்டு பக்கம் வைத்து இருபக்கமும் எடுத்தால் ஒரு தாளில் நான்கு பக்கம் வரும்.

தானியங்கி அச்சில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: தாள் பாதி வெளியே வந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது இழுத்துவிடுவார்கள். உள்ளே உருளை பிடித்துக்கொண்டிருக்கும், தாள் கிழியும், துண்டு உள்ளே தங்கும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். தாள் வெளியே வந்து விழும்வரை கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, பல சிறிய பிரிண்டர்களில் தானியங்கி இருபக்கம் ஏ4 அளவுக்கு மட்டும்தான். லீகல் தாளுக்கு வேலை செய்யாது. தாள் அளவு லெட்டர் என்று தவறாக இருந்தாலும் டூப்ளெக்ஸ் மறுக்கலாம்.

கையால் திருப்பிப் போடும் முறை

வசதி இல்லாத சின்ன பிரிண்டர்கள்தான் நம் ஊரில் அதிகம். அதிலும் இருபக்கம் எடுக்கலாம், பொறுமை வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. வெற்றுத் தாள் ஒன்றில், மேல்முகத்தில், உள்ளே போகும் ஓரத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு டிரேயில் வையுங்கள். ஏதாவது ஒரு வரி அச்சிடுங்கள். அம்புக்குறி இருக்கும் முகத்திலேயே எழுத்து வந்தால், உங்கள் டிரேயில் அச்சாக வேண்டிய முகம் மேலே இருக்க வேண்டும். மறுமுகத்தில் வந்தால் கீழே. எழுத்தின் தலைப்பகுதி அம்புப் பக்கமா, எதிர்ப்பக்கமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் திறக்கும் டிரேக்களில் பெரும்பாலும் மேல்முகம், அடியில் இழுக்கும் பெட்டி டிரேக்களில் பெரும்பாலும் கீழ்முகம். ஆனால் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே சோதித்ததை ஒரு சீட்டில் வரைந்து பிரிண்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். பின்பக்க அச்சுக்கும் இதே சீட்டுதான் உதவும்.

அப்புறம் வேலை இப்படிப் போகும்:

1. அச்சிடும் பெட்டியில் ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும் என்று தேர்ந்து எடுங்கள்.
2. வந்த கட்டு எழுத்து கீழ்நோக்கிக் கிடக்கும், கடைசித் தாள் மேலே இருக்கும். மொத்தப் பக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் அந்தக் கடைசித் தாளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பின்பக்கம் கிடையாது.
3. மேல்முக டிரே என்றால் கட்டைப் புரட்டாமல், சோதனையில் கண்ட தலைப்பக்கம் சரியாக இருக்கும்படி அப்படியே வையுங்கள்.
4. மேலே இருக்கும் கடைசித் தாள் முதலில் போகும் என்பதால், இரட்டைப்படைப் பக்கங்களைத் தலைகீழ் வரிசையில் அச்சிடுங்கள். 'ரிவர்ஸ்' என்ற பெயரில் அந்தத் தேர்வு இருக்கும். கீழ்முக டிரே என்றால் கட்டை மொத்தமாகப் புரட்டி வைத்து, வழக்கமான வரிசையிலேயே எடுங்கள்.

முதல் தடவை நான்கு பக்கக் கோப்பில் பழகுங்கள். நூறு பக்க அறிக்கையை ஒரே மூச்சில் போடாதீர்கள். நடுவில் இரண்டு தாள் சேர்ந்து போனால் அதற்குப் பிறகு எல்லாமே ஜோடி மாறிவிடும். இருபது தாள் இருபது தாளாகப் பிரித்து எடுத்தால் தவறு நடந்தாலும் இருபதோடு போகும். இரண்டு சுற்றுக்கும் நடுவில் தாள் ஆறட்டும், சூட்டோடு வளைந்த தாளை மறுபடி போட்டால் ஓரம் மாட்டும்.

எந்தத் தாள் தகுதி, எது ஆகாது

ஒரு பக்க பேப்பரை மறுபடி போடுவதில் பாதி வேலை பொறுக்குவதுதான். எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறை. மதியம் தாள் கசங்கி விசிறி போல மடிந்து வந்தது. மெக்கானிக் ஃபியூசரைக் கழற்றி, அந்த மெல்லிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அரிசி நீளத்துக்கு ஒரு கிழிசல். அழுத்தும் உருளையில் ஸ்டேப்ளர் பின்னின் ஒரு கால் மட்டும் குத்திக்கொண்டு நின்றது. பின்னைப் பிடுங்கியவர் ஒரு காலைத் தாளிலேயே விட்டிருக்கிறார். அதன் பிறகு எங்களுக்கு ஒரே விதி: பின் குத்திய தாள், பின்னை எடுத்த பிறகும், பிரிண்டருக்குப் போகாது. குறிப்பு எழுத மட்டும்தான்.

ஆகாதவை இன்னும் உண்டு. மடித்தது, மூலை சுருண்டது, பஞ்ச் ஓட்டை போட்டது, கிழிந்தது. செல்லோ டேப், பசைச்சீட்டு, ஒயிட்னர், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியது. பசை சூட்டில் இளகி உருளையில் ஏறும். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது. மஞ்சள், குங்குமம் வைத்தது. ஆயுத பூஜைக்கும் புதுக்கணக்குக்கும் முதல் தாளில் நான்கு மூலையிலும் வைப்போமே, அதைப் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள். ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற வெப்பத்தாள் போனால் முழுக்கக் கறுத்துவிடும். பால்பாயிண்ட் பேனாவில் இரண்டு திருத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

இங்க் பிரிண்டரில் எடுத்த தாளையும் தள்ளுங்கள். இங்க் டாங்க் பிரிண்டர் பக்கத்திலேயே இருக்கும் அலுவலகங்களில் இரண்டும் கலந்துவிடும். அந்த மை தண்ணீர் சார்ந்தது. தாளை நெளியச் செய்யும், சூட்டிலும் அழுத்தத்திலும் உருளையில் பட்டு ஒட்டலாம். கண்டுபிடிக்க, தாளைக் கண் மட்டத்தில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். லேசர் எழுத்து தாளின் மேல் உட்கார்ந்து மெல்லப் பளபளக்கும். இங்க் எழுத்து தாளுக்குள் இறங்கி மங்கலாக இருக்கும். கலர் எழுத்தில் ஈரவிரலால் ஒரு தேய்ப்பு, மை இழுத்தால் இங்க்.

லேசரில் எடுத்ததாக இருந்தாலும் முழுப் பக்கமும் படம், கறுப்புப் பட்டை, கலர் வரைபடம் என்றால் வேண்டாம். அவ்வளவு டோனரும் மறுபடி இளகும்போது உருளையில் கொஞ்சம் ஒட்டி, அடுத்த தாளில் நிழலாக விழும். பிளாஸ்டிக் கவருக்குள் மாதக்கணக்கில் இருந்த தாளும் அப்படித்தான். பிவிசி உறையில் டோனர் ஒட்டிக்கொண்டு எழுத்து பாதி பெயர்ந்திருக்கும்.

ரகசியம் முதலில்

தகுதியெல்லாம் பார்க்கும் முன்னரே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது. ஒரு தடவை ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த வரைவின் பின்பக்கத்தில் இன்னொருவரின் லாப நட்டக் கணக்கு இருந்தது. வாங்கியவர் நல்லவர், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

பான், ஆதார், சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம் எதுவும் உள்ள தாள் நேராகத் துண்டாக்கும் மெஷினுக்கு. மீதியிலும் பின்பக்க அச்சு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நாங்கள் மூன்று அட்டைப்பெட்டி வைத்தோம்: பிரிண்டருக்கு, குறிப்புக்கு, துண்டாக்க. தாளைப் போடுபவரே அந்த நிமிடம் முடிவு செய்ய வேண்டும். பிறகு பிரிக்கலாம் என்று சேர்த்து வைத்தால் யாரும் பிரிக்கமாட்டார்கள்.

தாளைத் தயார் செய்வது

பிரிண்டர் பெட்டியில் எழுத்துப் பக்கம் எல்லாம் ஒரே பக்கமாக, தலைப்பு ஒரே திசையாக இருக்கட்டும். பழைய பக்கத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நாளைக்கு இரண்டு பக்கத்தில் எது செல்லும் என்று குழப்பம் வராது.

சேர்ந்த கட்டைச் சமமான இடத்தில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். வருமான வரிச் சட்டத் தொகுதிகள் எங்களுக்கு அதற்கும் உதவின. ஒரு நாள் இருந்தால் வளைவு குறையும். பிறகு கட்டின் நான்கு மூலையிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், தப்பிய பின் இருந்தால் அங்கே குத்தும். போடும் முன் கட்டை வளைத்து விசிறுங்கள். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் குணம் உள்ளவை, விசிறாமல் போட்டால் இரண்டு மூன்றாக உள்ளே போகும்.

ஈரம் அடுத்த எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில், அதிலும் சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில், திறந்து கிடக்கும் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தாளில் டோனர் சரியாகப் பிடிக்காமல் எழுத்து வெளுக்கும், வெளிவரும் வழியில் ஆவிகூடத் தெரியும். பொறுக்கிய தாளை ரீம் வந்த உறையிலேயே சுற்றி வையுங்கள். அந்த உறை ஈரம் தடுப்பதற்காகவே செய்தது. மழைக்காலத்தில் பழைய கட்டை விட்டு, அந்த வாரம் சேர்ந்ததை மட்டும் போடுங்கள்.

பிரிண்டரில் அமைப்பது

இருபக்கத்தை இயல்பு நிலையாக வைத்த அலுவலகத்தில் பின்பக்கத் தாளைப் போட்டால் பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்து விழும். இதற்கு நல்ல வழி, ஒரே பிரிண்டரை விண்டோஸில் இரண்டு பெயரில் சேர்ப்பது. பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் கையால் சேர்ப்பதைத் தேர்ந்து, ஏற்கெனவே உள்ள போர்ட்டையும் டிரைவரையும் கொடுத்து, பெயர் மட்டும் "பின்பக்கம்" என்று வையுங்கள். அதன் இயல்பு நிலையில் ஒரு பக்கம், டோனர் சேவ், முன் டிரே என்று அமையுங்கள். பழைய பெயரில் இருபக்கம், பெட்டி டிரே. இனி ஊழியர் பெயரைத் தேர்ந்தால் போதும்.

தாள் வகையில் சாதா என்றோ மெல்லியது என்றோ வையுங்கள். தடித்த தாள் என்று வைத்தால் ஃபியூசர் சூடு கூடும், பழைய டோனர் அதிகம் இளகும். புதுத் தாளையும் பழையதையும் ஒரே டிரேயில் கலக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐம்பது தாளுக்கு மேல் வேண்டாம்.

மாதம் ஒரு தடவை, பிரிண்டரை அணைத்து ஆறவிட்டு, தாளைப் பிடித்து இழுக்கும் பிக்கப் ரோலரை நூல் பிரியாத துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். பழைய தாளின் டோனர் தூசும் காகிதத் தூசும் அதில்தான் படியும். தாள் வழுக்கி 'பேப்பர் இல்லை' என்று காட்டினால் முதலில் இதைச் செய்யுங்கள். டோனர் சிந்தினால் வெந்நீர் வேண்டாம், சூட்டில் அது துணியிலேயே பிடித்துவிடும். குளிர்ந்த நீர்தான்.

ஜாம் ஆனால் கார்ட்ரிட்ஜை எடுத்து, வெளிச்சம் படாமல் ஒரு துணியால் மூடி வைத்துவிட்டு, தாளை அது போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். வெளியே வந்ததை மேஜையில் விரித்து மூலை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு குறைந்தால் அது உள்ளே இருக்கிறது, அதை எடுக்காமல் அடுத்த தாளைப் போட வேண்டாம். பின்பக்கத் தாளில் ஒரே நாளில் மூன்று ஜாம் என்றால் அந்தக் கட்டையே குறிப்புப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பிரிண்டருக்கு ஆகாத தாளுக்கு

குறிப்புப் பெட்டி நிறைந்ததும் பைண்டிங் கடைக்குக் கொடுங்கள். ஏ4 தாளை நடுவில் வெட்டினால் ஏ5, கைக்கு அடக்கமான அளவு. அடியில் ஒரு அட்டை வைத்து, மேல் ஓரத்தில் பசை தடவி, நூறு தாள் பேடாகச் செய்து தருவார்கள். எங்கள் அலுவலகத்தில் கடையில் பேடு வாங்குவதை அதோடு நிறுத்திவிட்டோம். பையன்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள்.

இரண்டு பக்கமும் தீர்ந்த தாளை எடைக்குப் போடும்போது முழுத் தாளாகப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து அது பஜ்ஜிக் கடைக்குப் போகும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன. சூடான எண்ணெய் வடையை அச்சிட்ட ஆபீஸ் தாளில் பொதிவதும் உடம்புக்கு நல்லதில்லை. நாங்கள் எல்லாவற்றையும் துண்டாக்கி, சாக்கில் அடைத்து, காகித ஆலைக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடம் போடுகிறோம். கிலோவுக்கு விலை கொஞ்சம் குறைவுதான், வாங்கும்போதே சாக்கைத் தைத்து எடுத்துப் போகச் சொல்லிவிடுவோம்.